வண்டி ஓடுகிற வரைக்கும்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது "தங்கமான மனுஷன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கம்தான், யார் இல்லை என்றது? அந்தத் தங்கத்தோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தால் தெரியும். செய்யூரில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் கேளுங்கள், அம்பாசிடர் லட்சுமணனைத் தெரியாதவர்கள் கிடையாது. வலி எடுத்த பெண்களைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, பொண்ணு மாப்பிள்ளையை ஊர்வலம் விட்டது, வெள்ளைக்காரர்களை மகாபலிபுரம் சுற்றிக் காட்டியது எல்லாம் அவர்தான். ஊரில் எல்லாரையும் எங்கெங்கேயோ கொண்டுபோய் இறக்கிவிட்ட மனுஷனால், என்னை மட்டும் நான் பிறந்த வீட்டு வாசலைத் தாண்டிக் கொண்டுபோக முடியவில்லை.

என் பேர் வேண்டா. நான் நாலாவது பெண். இதற்கு மேல் பெண் பிள்ளை வேண்டாம் என்று சாமியின் காதில் விழுவதற்காக எங்கள் பக்கம் வைக்கிற பேர். சாமி சொன்னபடி கேட்டது. எனக்கு அப்புறம் பெண்ணும் பிறக்கவில்லை, பையனும் பிறக்கவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சடையப்பன் என்றால் செய்யூர் சுற்றுவட்டாரத்தில் சவுக்குத் தோப்பு வைத்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். தோப்பை மொத்தமாகப் பேசி, வெட்டி, லோடு ஏற்றி அனுப்புவது அவர் வியாபாரம். மூன்று அக்காக்களையும் வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். கடைசியாக நான் மிஞ்சியதும், பிள்ளை இல்லாத வீடு ஆயிற்றே, வீட்டோடு மாப்பிள்ளை பார்த்தார். எங்கள் சவுக்கு லோடு ஓட்டிக்கொண்டிருந்த படாளத்து லாரி டிரைவர்தான் மாப்பிள்ளை. கட்டை ஏற்றிய லாரியைக்கூடத் தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓட்டுவார். நைனா அதைப் பார்த்துத்தான் பிடித்தார்.

எண்பத்தொம்பதாம் வருஷம் நிச்சயதார்த்தம். வெற்றிலைத் தட்டில் மஞ்சள், பழம், பூவோடு அம்பாசிடர் சாவியையும் நைனா வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்தார்கள். காரையே சீராகக் கொடுக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். வண்டி கடைசிவரை நைனா பேரில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே அம்மன் கோயிலுக்கு எல்லாரையும் கூட்டிப்போய், வெற்றிலைமேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"வண்டி ஓடற வரைக்கும் இந்த வூட்ட வுட்டுப் போவ மாட்டேன்னு சூடம் அணைச்சிக் குடு மாப்ள. வண்டி நின்னுபோச்சுன்னா உன் வழிய பாத்துகினு போ. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். இது நான் பண்ற சத்தியம்."

இவர் உள்ளங்கையால் அடித்துச் சூடத்தை அணைத்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வண்டி அப்போதே பழைய டீசல் வண்டி. மிஞ்சிப்போனால் நாலைந்து வருஷம் ஓடும் என்று இவர் நினைத்திருப்பார். நைனாவுக்கு ஆளைத் தெரியும். இவர் கையில் கொடுத்த வண்டி எந்தக் காலத்தில் நிற்கப்போகிறது?

எல்லாப் பெண்களும் கல்யாணமானால் அழுதுகொண்டே புறப்பட்டுப் போவார்கள். நான் கல்யாணமாகிக் கூடத்திலிருந்து பின்னறைக்குப் போனேன். அழக்கூட ஒரு சாக்கு கிடைக்கவில்லை. அவர் பாடு இன்னும் மோசம். நைனா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இலை. நைனா தோப்புக்கெல்லாம் போய்வந்த பிறகுதான் வாடகைச் சவாரி. படாளத்தில் அவர் அம்மாவைப் பார்க்கப் போவதற்கும் "மாமா, போய்ட்டு வரட்டா?" என்று வாசலில் நின்று கேட்க வேண்டும். வண்டியின் முன் சீட்டு நைனாவுடையது. அவர் வராத நாளிலும் அதில் நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள்.

முதல் தடவை புகை வந்தது தொண்ணூற்றாறில். திருக்கழுக்குன்றம் போய்த் திரும்பியவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்.

"கரும்பொகை தள்ளுது வேண்டா. ஏத்தத்துல இழுக்கவே இல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, முடிஞ்சிதுன்னு நெனைக்கிறேன்."

அன்றைக்குச் சோறு வடிக்கும்போதே மனசுக்குள் நான் பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிவிட்டேன். மறுநாள் செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ராமதாஸிடம் வண்டி போனது. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் சவுக்குத் தோப்புத் தூசி அப்பிக் கிடந்ததாம். "கரும்பொகைன்னா வண்டிக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், அண்ணாத்த. காத்து போதாம டீசல் பாதி எரியாம வெளிய வருது" என்று சொல்லி, தட்டித் துடைத்து, டீசல் பீச்சுகிற நாஸில் ஒன்றையும் சுத்தம் பண்ணி அனுப்பிவிட்டார். சாயங்காலமே இவர் திரும்பி வந்தார். புகை இல்லை. முகத்தில் வெளிச்சமும் இல்லை.

நாலு வருஷம் கழித்து வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று தெரியாமல் காணாமல் போனது. அது ஹெட் கேஸ்கட்டாம். தண்ணீர் எஞ்சினுக்குள் கசிந்து ஆவியாக வருகிறதாம். நைனா கேட்டது ஒரே கேள்வி: "வண்டி ஓடுமா, ஓடாதா?" ராமதாஸ், "மாத்துனா ஓடும் மொதலாளி" என்றார். மாற்றினார்கள். ஓடியது.

நான் அவரிடம் வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். "யோவ், அந்தப் பாழாப்போன வண்டிய இப்படிப் பொத்திப் பொத்தி ஓட்டறியே, கொஞ்சம் அடிச்சு ஓட்டினா இன்னா?"

"அது இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றார்.

அவ்வளவுதான் அந்த மனுஷன். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் சூடேறுகிற வரைக்கும் கியர் போட மாட்டார். நிறுத்துவதற்கு முன்னால் சற்று நேரம் சும்மா ஓடவிடுவார். ஆயில் மாற்றுகிற நாள் வந்தால் சாமிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி மாற்றிவிடுவார். தன்னைப் பூட்டி வைத்திருக்கிற பூட்டுக்குத் தானே எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு வயிறு எரியும். சொன்னால் சிரிப்பார்.

எங்களுக்கு ஒரே மகள், பிரதீபா. அவள் மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் நைனா அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இவளுக்கும் வூட்டோட மாப்ளயா பாத்துடலாம். வண்டிதான் நல்லா ஓடிகினு கீதே." எல்லாரும் சிரித்தார்கள். அன்றுதான் முடிவு பண்ணினேன், எப்படியாவது இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று.

இரண்டாயிரத்து மூணு மார்கழியில் அதற்கு வழி வந்தது. கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் விடுகிற காண்ட்ராக்டர் ராஜாராம் என்று ஒருவர். இவர் வண்டி ஓட்டுகிற பக்குவத்தைச் சவாரியில் பார்த்தவர். தன் பஸ்ஸுக்கு டிரைவராக வரச் சொன்னார். ஷிப்ட் முடிந்தால் வீடு, வாரத்துக்கு ஒருநாள் லீவு, யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் வாடகைக்கு ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தார். பிரதீபாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற சாக்கில் நானும் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டே அறை. சமையலறைக்குள்ளேயே குழாய். திருகிப் பார்த்தேன், தண்ணீர் வந்தது. எனக்கென்று ஒரு அடுப்பு, எனக்கென்று ஒரு குழாய். அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

"பொங்கலுக்குள்ள சேந்துக்கோ லட்சுமணா. அதுக்கு மேல என்னால காத்துகினு இருக்க முடியாது" என்று ராஜாராம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"சூடம் அணைச்சிட்டேனே" என்றார் இவர்.

"அது எப்பவோ அணைச்ச சூடம்யா!"

"எப்ப அணைச்சா இன்னா வேண்டா, அணைச்சது அணைச்சதுதான்."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? அப்போதுதான் புகை மூன்றாவது தடவை வந்தது. இந்த முறை நீலம்.

அதை முதலில் பார்த்தவள் நான்தான். மார்கழி மாசம், விடிந்ததும் வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போடுவேன். கோலத்துக்கு நேராகத்தான் வண்டியின் பின்பக்கம் நிற்கும். அவர் ஸ்டார்ட் பண்ணினதும் குபுக்கென்று நீலமாக ஒரு புகை வந்து கோலத்தின்மேல் படியும். எண்ணெய் கருகின வாடை. வண்டி நகர்ந்து பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைத் தாண்டும்போது புகை சுத்தமாக நின்றுவிடும். தினமும் இப்படித்தான். ஒருநாள்கூட முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் புகை போனதில்லை.

ஆயிலும் குறைய ஆரம்பித்ததும் நைனாவுக்கு விஷயம் தெரிந்தது. "ராமதாஸ் கிட்ட காட்டிடலாம். ஓடுமா ஓடாதான்னு அவன் சொல்லட்டும்" என்றார். செங்கல்பட்டில் இருக்கிற பெரியக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். அக்கா எல்லாம் சும்மா. ராமதாஸ் என்ன சொல்கிறார் என்று என் காதால் கேட்க வேண்டும், அதுதான்.

பட்டறையில் நைனாவுக்கு ஸ்டூல் போட்டார்கள். ராமதாஸ் வண்டியைச் சுற்றி வந்து, சைலன்சர் வாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீலப் பொகைன்னா ஆயில் எரியுது மொதலாளி. ஆயில் ரெண்டு வழில உள்ள பூரும். மேல வால்வு சீல் வழியா சொட்டலாம். இல்லன்னா கீழ பிஸ்டன் ரிங்கு வழியா ஏறலாம். சீலுன்னா சின்ன வேலை, மாத்திட்டு ஓட்டிகினே இருக்கலாம். ரிங்குன்னா எஞ்சின் உள்ளயே தேஞ்சி போச்சுன்னு அர்த்தம். இவ்ளோ ஓடுன வண்டிக்கு அந்த வேலை பண்றது வீணு."

"ரெண்டுல எதுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?" என்றார் நைனா.

"ராவெல்லாம் நின்ன வண்டி, காலைல மொத ஸ்டார்ட்ல ஒரு தபா பொகைய வுட்டுட்டு அடங்கிடுச்சுன்னா சீலு. அடங்காம போற வழியெல்லாம் பொகைஞ்சுகினே போச்சுன்னா ரிங்கு. இப்ப அவ்ளோ தூரம் ஓடி வந்து சூடா கீது, இப்ப பாத்தா சரியா புரியாது. ஓட்டறவருக்குப் பின்னால வர்ற பொகை தெரியாது. காலைல வண்டிக்குப் பின்னாடி யார் நிக்கிறது?"

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பதினாலு வருஷத்தில் அந்த வீட்டு விஷயம் எதிலும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள்.

"எங்க அடங்குது?" என்றேன். "தெருமுனை திரும்பற வரைக்கும் பொகைஞ்சுகினேதான் போவுது நைனா. கோலமே கறுத்துப் போவுது."

என் நாக்கு தடுமாறவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராமதாஸ் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அந்தத் துவாரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ரிங் போன எஞ்சின் என்றால் அந்த வழியாகப் புகை குபுகுபுவென்று கையைத் தள்ளுமாம். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை பார்த்தார். கல்பாக்கம் விஷயத்தை இவர் அவரிடம் முன்னமே சொல்லியிருந்தார். மூடியைப் பேசாமல் திருகி மூடினார் புண்ணியவான்.

"வூட்டுல கண்ணால பாத்தவங்க சொல்றாங்க. அப்படின்னா ரிங்குதான் மொதலாளி. நான் இன்னா சொல்றது?"

நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எங்கள் நைனாவிடம் எத்தனையோ குறை சொல்வேன், ஆனால் சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை.

"அப்ப வண்டி நின்னுபோச்சு. சரி மாப்ள, பேசுன பேச்சு பேசுனதுதான். இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, நீ உன் வழிய பாத்துகினு போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. புதுப்பட்டினத்துக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் காதில் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. இவர் அப்படியே வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஒன்றுமே பண்ண வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

நைனாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. எழுந்துபோய் வண்டியின் பானெட்டைத் தட்டிப் பார்த்தார். வயிற்றெரிச்சல், வாயில் வந்துவிட்டது.

"ஒழுங்கா ஓட்டி இருந்தா இன்னும் பத்து வருஷம் ஓடி இருக்கும். ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்து நாசமாக்கிட்டேன். லாரிக்காரன் புத்தி லாரிக்காரன் புத்திதான்."

இவர் தலை நிமிர்ந்தது. அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "யோவ், வேணாம்" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

"இன்னா சொன்னீங்க மாமா?"

"ஓட்டத் தெரியாதவன்னு சொன்னேன்."

"நான் ஓட்டற வண்டில ரிங் போவாது." விறுவிறுவென்று போய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஆயில் மூடியைக் கழற்றி வீசினார். நைனாவின் கையைப் பிடித்து இழுத்து அந்தத் துவாரத்தின்மேல் வைத்தார். பதினாலு வருஷத்தில் நைனாவை அவர் கைநீட்டித் தொட்டது அப்போதுதான். "பாருங்க. கைய வச்சுப் பாருங்க. தள்ளுதா? இன்னாத்த தள்ளுது? இது எங்க தேஞ்சிருக்கு? ஒரு நாள் சூடாவாம எடுத்திருப்பேனா இந்த வண்டிய, ஒரு நாள் ஆயில் மாத்தாம வுட்டிருப்பேனா? வால்வு சீலு காய்ஞ்சி போய் கீது, அவ்ளோதான். வயசானா எந்த வண்டிக்கும் காயும். சீல மாத்துனா இன்னும் பத்து வருஷம் ஓடும் இது. ராமதாஸு, நீயே சொல்லு, இது ரிங்கா?"

ராமதாஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. "சீலு மாதிரிதான் தெரியுது" என்றார் மெதுவாக.

"ஆங்" என்றார் இவர், ஜெயித்துவிட்ட மாதிரி. அந்த 'ஆங்' முடிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. கை அப்படியே எஞ்சின்மேல் நின்றது. என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நைனா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நான் ஏன் பொய் சொன்னேன் என்று என்னை அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, செத்துப்போகிற வரைக்கும் கேட்கவில்லை.

"அப்ப சீல மாத்திடு ராமதாஸு" என்றார்.

வண்டி இரண்டு நாள் பட்டறையில் கிடந்தது. நாங்கள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு நான் கத்தின கத்தலில் அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"உனக்கு இன்னா கேடு வந்துச்சுய்யா? வாய வச்சிகினு சும்மா இருக்க முடியாதா? பொட்டச்சி நான் உனக்காகப் பொய் சொன்னேனே!"

"ஓட்டத் தெரியாதவன்னு சொல்லிட்டாருடி."

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு! ஒரு நாளு சொல்லுவாரு, ரெண்டு நாளு சொல்லுவாரு. அதுக்கப்பறம் நாம இங்க இருந்தாத்தானே?"

"என்கிட்ட வேற இன்னா கீது வேண்டா?" என்றார். "வூடு அவுருது, வண்டி அவுருது, திங்கற சோறும் அவுருது. அந்த ஓட்டறது ஒண்ணுதான் என்னுது. அதையும் இல்லன்னு சொன்னா நான் எப்படிச் சும்மா இருப்பேன்?"

திட்டத்தான் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்தேன். பொங்கலுக்கு முந்தினநாள் ராஜாராம் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டதாகத் தகவல் வந்தது.

வண்டி பட்டறையிலிருந்து வந்த மறுநாள் விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். அவர் எஞ்சினைச் சூடுபண்ணுகிற ஹீட்டர் குமிழை இழுத்துப் பிடித்துக் காத்திருந்து, ஸ்டார்ட் பண்ணினார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. நான் வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். குழாய் வாயிலிருந்து ஒன்றுமே வரவில்லை. கோலம் போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். பாவி மனுஷன், கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"பொகை வருதா வேண்டா?"

"வர்ல" என்றேன். "சுத்தமா வர்ல. நல்லா ஓட்டி வச்சிகீற."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். "வேண்டா, கேட்டைத் தொற, நேரமாவுது" என்றார். நான் துடைப்பத்தைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன்.